எந்தக் கோயில் மொட்டை?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நாங்கள் கெட்டிக்காரர்கள் இல்லை. இருந்தும் எங்கள் புளுகு ஏழு வாரம் ஓடியது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஆலங்குடியில் வீடு, அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு டீச்சர். "நோட்டை ஆடு தின்னுருச்சு டீச்சர்" என்று சொன்ன பையனிடம், "எந்த ஆடு, என்ன நிறம், வா காட்டு" என்று ஆட்டுக்கொட்டகை வரைக்கும் போன ஆள் நான். பொய் என்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் தடவை ஆடு உண்மையிலேயே தின்றிருந்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. காலில் அங்கங்கே நீலநீலமாகக் கன்றிப் போயிருந்தது. முந்திரி மரத்தில் ஏறி விழுந்திருக்கிறாள் என்று நினைத்து, காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே பெஞ்சு மேல் நிற்க வைக்கலாம் போலிருக்கும். புதுக்கோட்டையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த கையோடு திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். திருச்சியில் ஒரு பெண் டாக்டர், வயதில் என்னைவிடச் சின்னவர், எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வருகிறதில் நல்லபடியாகக் குணமாகிற வகைதான், ஆனால் வைத்தியம் நீளம், நடுவில் விடக் கூடாது. அன்று பயந்த மாதிரி என் ஆயுசில் நான் பயந்ததில்லை. என் வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரி. ஒரு காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுகிற மனுஷன். அவர் அந்த அறையில் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் நாங்கள் எடுத்த முதல் முடிவு, ஊரில் யாருக்கும் சொல்வதில்லை என்பதுதான்.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. "பொம்பளப் புள்ள. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக" என்றார். எனக்கு வேறு காரணம். கெட்ட சேதி கேட்டால் எங்கள் பக்கம் நாக்கை மேலே ஒட்டி "ச்சு, ச்சு, ச்சு" என்று கொட்டுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. கொட்டி முடித்ததும், "இப்படித்தான் எங்க சின்ன மாமனார் வீட்டுல ஒரு புள்ளைக்கு" என்று ஒரு கதை ஆரம்பிக்கும். அந்தக் கதைகளில் ஒன்றுகூட நல்லபடியாக முடிந்து நான் கேட்டதில்லை. என் பிள்ளையை அந்தக் கதைக்குள் யாரும் இழுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். டைபாய்டு, ரத்தம் கம்மி, திருச்சியில் காட்டுகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டோம்.

மூன்றாவது வாரம் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. என் மகளுக்கு நல்ல அடர்த்தியான முடி. ரெட்டைச் சடை, ரிப்பன், சடைக்கு ஒரு துண்டு பூ. அந்தப் பூ தினமும் எங்கள் பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கிற அக்காவிடமிருந்து வரும். மரப்பெட்டி மேல் ஈரத்துணியை விரித்து உட்கார்ந்திருப்பார். கை பூவில் இருக்கும், கண் ஊரில் இருக்கும். எனக்கு அரை முழம் அளந்து கொடுத்தால், பிள்ளைக்கென்று இரண்டு துண்டு சும்மா நறுக்கிக் கொடுப்பார். பிள்ளை குனிந்து தலையைக் காட்டும்; அவரே வைத்துவிடுவார். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுவதும் பிள்ளை பக்கத்திலேயே அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போவதும் அதற்குப் பிறகுதான்.

"அரையும் கொறையுமா இருக்கறதுக்கு முழுசா எடுத்துருவோம்மா" என்று மகளே சொன்னாள். திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. கண்ணாடியில் பார்த்து, "அப்பா மாதிரியே இருக்கேன்" என்று சிரித்தாள். அவருக்கு முன்வழுக்கை. நான் மட்டும் கடைக்கு வெளியே நின்று, எதிரே இருந்த டயர் கடையைப் பார்த்தபடி அழுதேன்.

மறுநாள் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். தலையில் கட்டியிருந்த ஸ்கார்ப் இறங்குகிற அவசரத்தில் நழுவிவிட்டது. எதிரே பூக்கார அக்கா.

"வாங்க டீச்சரு. என்ன ஆத்தா, மொட்டை போட்டாச்சா? எந்தக் கோயிலு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "சமயபுரம்" என்றார் என் வீட்டுக்காரர்.

திரும்பி அவரைப் பார்த்தேன். "காப்பியா டீயா" என்று கேட்டால் ஐந்து நிமிஷம் யோசிக்கிற ஆள் அவர். கல்யாணமான நாளிலிருந்து அத்தனை வேகமாக அவர் ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பூக்கார அக்கா தலையை ஆட்டி, "மகமாயி காப்பாத்துவா" என்றார். எங்களுக்குப் பெரிய நிம்மதி. நாங்கள் தேடாமலே ஊரே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டது. மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளையைப் பார்த்தால் எங்கள் பக்கம் யாரும் என்ன நோய் என்று கேட்பதில்லை. எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புது மொட்டை என்றால் சந்தனம் வேண்டுமே என்று நான் சந்தனம் பூசிவிட்டேன். அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது அது காய்ந்து டாக்டரின் வெள்ளைக் கோட்டிலெல்லாம் உதிர்ந்தது. "தோல் ரொம்ப மெல்லிசா இருக்கிற நேரம், எதையும் பூசாதீங்க" என்று சொல்லிவிட்டு, "இதை எதுக்குப் பூசுனீங்க?" என்று கேட்டார். "குளிர்ச்சிக்கு" என்றேன். டாக்டரிடமும் ஒரு பொய்.

பிறகு என் மகள் தன் பங்குக்கு இறங்கினாள். எதிர்வீட்டில் கேட்டதற்கு, "பழனி" என்று சொல்லியிருக்கிறாள். "ஏன்டி மாத்திச் சொன்ன?" என்றால், "எனக்குப் பழனிதாம்மா புடிக்கும், அங்கதான் பஞ்சாமிர்தம்" என்கிறாள். இரண்டு நாளில் அது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

"சாரு அன்னைக்குச் சமயபுரம்னாரு. பாப்பா பழனிங்குதாம்ல?" என்று பூக்கார அக்கா கேட்டார்.

"ரெண்டு வேண்டுதல்க்கா. முன்பக்கம் சமயபுரத்துக்கு, பின்பக்கம் பழனிக்கு."

பூவைக் கட்டிக்கொண்டே என் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரித்தான்" என்றார்.

பழனி என்று சொன்னால் பிரசாதம் எங்கே என்று கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். திருச்சி பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு பஞ்சாமிர்த டப்பா வாங்கி வந்தார் என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் நான் வேலைக்குப் போவேன். அப்படி ஒரு நாள் அதைக் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்தேன். எங்கள் தலைமையாசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கோயில் வாசலையும் பார்க்காத டப்பா அது.

"என்ன வேண்டுதல் டீச்சர்?"

"படிப்பு நல்லா வரணும்னு மேடம்."

"நல்லாருக்கு. டீச்சர் வீட்டுப் புள்ளைக்கே மொட்டை போட்டாத்தான் படிப்பு வரும்னா, நம்ம ஸ்கூல் புள்ளைகளுக்கெல்லாம் மொத்தமா ஒரு பஸ் புடிக்க வேண்டியதுதான்" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேல் என் தம்பி. மீமிசலில் மீன் ஏற்றுகிற வண்டி வைத்திருக்கிறான். நல்லவன், ஆனால் கோபத்தில் எனக்கு அண்ணன். ஊர்வாய் வழியாகச் சேதி அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போனில் கத்தினான்.

"ஏக்கா, தாய்மாமன் நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன். எவன் மடியில வச்சு மொட்டை அடிச்சீக?"

மொட்டையடிக்கப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அது அவன் உரிமை. அவளுடைய முதல் மொட்டைக்கு ஒரு வயதில் அவன் மடியில்தான் உட்கார வைத்தோம், சட்டையை நனைத்துவிட்டாள். அதைப் பெருமையாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன். அவனிடம் போய், சலூன் நாற்காலியில் உட்கார வைத்தோம் என்று எப்படிச் சொல்வது? "திடீர்னு முடிவாயிருச்சுடா" என்றேன். "இனிமே ஒங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டான். அவன் கோபத்தைவிட, அவனிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்கு வலித்தது. சின்ன வயதில் நாங்கள் ஒரு மிட்டாயைக்கூடக் காக்காய்க்கடி கடித்துப் பங்கு போட்டுத்தான் தின்றிருக்கிறோம்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தோம். ஏழாவது வாரம் அவளை வார்டில் சேர்த்தார்கள். மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் புரியும்படி சொன்னார்: மருந்து நோயைக் கொல்லும்போது, ரத்தம் உறையச் செய்கிற பிளேட்லெட்டையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. அது மறுபடி ஊறுகிற வரைக்கும் வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் அடுத்த மருந்தைத் தொடங்க முடியும். அவளுடைய ரத்தம் பி நெகட்டிவ். நான் ஓ பாசிட்டிவ். அவர் பி பாசிட்டிவ். ஒரு கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி. வகுப்பில் அந்தத் தப்புக்கு அரை மார்க்தான் குறைப்பேன். இங்கே அப்பாவின் ரத்தம் மகளுக்கு ஆகாது என்றார்கள்.

அன்றைக்கு யாரோ ஒரு கல்லூரி மாணவர் வந்து கொடுத்துவிட்டுப் போனார். பேர் கேட்பதற்குள் போய்விட்டார். டாக்டர் எங்களிடம் வந்தார்.

"இது ஒரு தடவையோட முடியாதும்மா. இன்னும் சில வாரத்துக்கு அடிக்கடி வேணும். நாளை மறுநாளே மறுபடி தேவைப்படும். எந்த குரூப்பா இருந்தாலும் ரத்தம் கொடுக்க ஒரு பத்துப் பேரு வந்தா, ரத்த வங்கியில அதை வச்சுக்கிட்டு உங்களுக்கு வேண்டியதுக்கு உதவி பண்ணுவாங்க. அதுல பி நெகட்டிவ் ஒண்ணு ரெண்டு கிடைச்சா இன்னும் நல்லது. உங்க ஊருக்காரங்களை வரச் சொல்லுங்க. ஆமா, இத்தனை நாளா உங்க ஆளுங்க யாரையுமே காணோமே?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைக்கு இலுப்பூரிலிருந்து சித்தப்பா, பெரியப்பா, மச்சான் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கட்டிலோரம் ஒரு ஒயர் கூடையும் ஒரு பிளாஸ்கும் மட்டும் இருந்தன. வைத்தியச் செலவை அரசாங்கக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. ரத்தத்துக்கு எந்த அட்டையும் கிடையாது. அதற்கு மனுஷன்தான் வரணும்.

போனை எடுத்தேன். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுத ஆரம்பித்து அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். சமயபுரத்தில் பாதி, பழனியில் பாதி முடி இறக்கி, பஞ்சாமிர்தம் வரைக்கும் கொடுத்தாயிற்று. இப்போது போய், அதெல்லாம் பொய், ரத்தம் கொடுங்கள் என்றால் யார் வருவார்கள்? என் மகள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் பஞ்சு.

"என்னம்மா எழுதி எழுதி அழிக்கிற?"

"எல்லார்கிட்டயும் கோயிலுக்குப் போனோம்னு சொல்லிட்டோம்ல. இப்ப ரத்தம் வேணும்னு எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"சாமி ரத்தம் கேக்குதுன்னு சொல்லிரும்மா" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏழு வாரத்தில் பிள்ளையை நன்றாகப் பழக்கிவிட்டோம். ஆட்டுக்கொட்டகை வரைக்கும் போகிற டீச்சர் வீட்டில், ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் வைத்து ஓடு வேய்கிற பிள்ளை.

மறுநாள் காலை, மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் ஆலங்குடிக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போலக் கேள்வி வந்தது.

"வாங்க டீச்சரு. இந்தத் தடவ எந்தக் கோயிலு?"

பக்கத்தில் ஒரு காலிப் பூக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். "கோயில் இல்லக்கா" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பேரைச் சொன்னேன். ரத்தம் வேண்டும் என்பதைச் சொன்னேன். எனக்கு ஏன் சொல்லப் பிடிக்கவில்லை, அந்த "ச்சு ச்சு" எனக்கு ஏன் ஆகாது என்பது வரைக்கும் சொன்னேன். அவர் கை மட்டும் நிற்கவே இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முழம் கட்டியிருப்பார்.

"அது தெரியும் டீச்சரு" என்றார்.

"எப்படிக்கா தெரியும்?"

"எந்தக் கோயில்ல புருவத்துக்கும் சேத்து மொட்டை அடிக்கிறாக?"

புருவம். தலைக்கு ஸ்கார்ப், சந்தனம், இரண்டு கோயில், ஒரு டப்பா பஞ்சாமிர்தம் என்று இத்தனை ஏற்பாடு செய்த எங்கள் இரண்டு பேருக்கும் பிள்ளையின் புருவம் கொட்டிப் போனது ஞாபகத்துக்கே வரவில்லை.

"அப்புறம் ஏங்க்கா பாக்குறப்பல்லாம் எந்தக் கோயிலுன்னு கேட்டீங்க?"

"கேட்டாத்தான சொல்லுவீக. இன்னைக்காச்சும் சொல்லுவீகளானு ஒவ்வொரு வாட்டியும் கேட்டுப் பாத்தேன். பூக்காரிகிட்ட முடியப் பத்திப் புளுகலாமா டீச்சரு?" என்றார். பிறகு, "என்ன ரத்தம்னு சொன்னீக? ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலையில வேன் வரும். நீங்க புள்ளகிட்டப் போங்க" என்றார்.

போகும் வழியில் தம்பிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவன் கத்தவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. "வாரேன்" என்று மட்டும் சொன்னான்.

அந்த ஒரு நாளில் பூக்கார அக்கா என்ன செய்தார் என்பதைப் பிறகு பலரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். பூ வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், நின்ற ஒவ்வொரு பஸ்ஸின் கண்டக்டரிடமும், "டீச்சர் மகளுக்கு ரத்தம் வேணும், நெகட்டிவு ஆளு வேணும்" என்று சொல்லியிருக்கிறார். பி என்பது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. நெகட்டிவ் மட்டும் ஊர் முழுக்கப் போயிற்று.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் வேன் வந்து நின்றது. பதினாலு பேர் இறங்கினார்கள். எங்கள் தலைமையாசிரியை, எதிர்வீட்டு அண்ணன், இரண்டு பஸ் கண்டக்டர்கள், தேங்காய் உரிக்க வருகிற மூன்று பேர், எனக்கு முகம் மட்டும் தெரிந்த சிலர், கடைசியாகப் பூக்கார அக்கா. ரத்த வங்கிப் பையன் வரிசையாக நிற்கச் சொல்லி, "பி நெகட்டிவ் யாரு?" என்று கேட்டார். ஒன்பது கை உயர்ந்தது. அவர் ஆச்சரியப்பட்டுப் போனார். "எப்படிங்க தெரியும், முன்னாடி டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்றதற்கு, முதலில் நின்ற தேங்காய் உரிக்கிற அண்ணன் போனை எடுத்து நீட்டினார். அதில் கொரோனா சமயத்தில் வந்த மெசேஜ். நெகட்டிவ்.

"மூணு தடவ மூக்குல குச்சி விட்டுப் பாத்தாக. மூணு தடவயும் நெகட்டிவ்தான்" என்றார் பெருமையாக.

ஒன்பது பேரும் அதேதான். ஒருவர் சான்றிதழை லேமினேட் செய்தே கொண்டுவந்திருந்தார். ரத்த வங்கிப் பையன் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பல நாளுக்குப் பிறகு நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். என்ன குரூப் என்றால் என்ன, யார் ரத்தமும் வீணாகாது என்று அவர் சொல்லி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினாலு பேரில் ஒருவர்கூட "ச்சு" என்று சொல்லவில்லை. தலைமையாசிரியைதான் ரகசியத்தை உடைத்தார். "எவளாச்சும் எவனாச்சும் உச்சுக் கொட்டுனீக, பாதி வழியில எறக்கி விட்ருவேன்னு அந்தப் பூக்காரம்மா சொல்லித்தான் ஏத்துனாங்க டீச்சர். கீரனூர் வரைக்கும் நாங்க மூச்சுக்கூட விடல" என்றார். பஞ்சாமிர்தத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "கண்ணுல ஒத்திக்கிட்டது ஒத்திக்கிட்டதுதான். டப்பாவுல பாக்கி இருக்கா?" என்றார்.

தம்பி மீமிசலிலிருந்து நேராக வந்தான். கையில் மருமகளுக்குப் பட்டுப்பாவாடை. அவனும் வரிசையில் நின்றான். விரலில் குத்தி, ஒரு சொட்டை எடுத்து, மருந்தில் கலந்து பார்த்த ரத்த வங்கிப் பையன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். "சார், நீங்க பி நெகட்டிவ்."

தம்பி வெளிறிப் போனான். "நெகட்டிவா? எனக்கு எதும் கோளாறா தம்பி?"

"கோளாறு இல்ல சார். இதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

கண்டக்டர்களில் ஒருவரும் அதே குரூப் என்று பின்னால் தெரிந்தது. முதலில் தம்பியைத்தான் படுக்க வைத்தார்கள். ரத்தத்தை எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அவனுக்கே திருப்பி விடுகிற எந்திரம். இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தான். அவன் பிறந்ததிலிருந்து அத்தனை நேரம் சும்மா இருந்ததில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

"மடியில வைக்கலேன்னு கத்துனேன்" என்றான். "கைய நீட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே நீட்டியிருப்பேன்லக்கா. ஏங்க்கா சொல்லல?"

அவன் நெற்றியில் கையை வைத்தேன். மத்தியானம் மஞ்சள் நிறத்தில் ஒரு பை என் மகளின் கட்டிலுக்கு மேல் தொங்கியது. "மாமா மாம்பழ ஜூஸ் குடுத்திருக்கு" என்றாள். சாயங்காலத்துக்குள் மூக்கில் ரத்தம் நின்றது. அடுத்த மருந்தைத் தள்ளிப்போடாமல் தொடங்கினார்கள்.

பூக்கார அக்கா மட்டும் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, எடை போதாது, ரத்தத்தில் சத்தும் போதாது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "எல்லாரையும் ஏத்திக்கிட்டு வந்தேன். என்னைய வேணாம்னுட்டாக டீச்சரு" என்றார். சத்துக்கென்று அவர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டைக் கோபத்தில் விசிறியாக வீசிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வைத்தியம் இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. ஆள் இல்லாத நாள் மட்டும் இல்லை. தம்பி மருமகளுக்கென்று ஒரு கிடாக்குட்டி வாங்கி எங்கள் வீட்டில் கட்டினான். ஒரு நாள் அது திருத்தி வைத்த நோட்டுகளில் நாலைத் தின்றுவிட்டது. வகுப்பில் போய், "நோட்டை ஆடு தின்னுருச்சு" என்று நான் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது: "எந்த ஆடு டீச்சர்?"

பஸ் ஸ்டாண்டில் கேள்வி மாறவில்லை. திருச்சியிலிருந்து வந்து இறங்கும்போதெல்லாம், "எந்தக் கோயிலு ஆத்தா?" என்பார் பூக்கார அக்கா. "ஊசிக் கோயிலு" என்பாள் என் மகள். சில நாள் "மாத்திரைக் கோயிலு". முடி வளர ஆரம்பித்ததும் ஹேர்பின் போட்டு ஒரு கிள்ளுப் பூ வைத்துப் பார்த்தார். மூன்று தடவை நழுவி விழுந்தது. நாலாவது தடவை நின்றது.

போன வருஷம் மருந்தை நிறுத்தினார்கள். இனிமேல் அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். நாங்கள் ஊருக்கு வந்து முதலில் அதைப் பூக்கார அக்காவிடம்தான் சொன்னோம். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கு அடுத்த வாரம் மூன்று நாள் மரப்பெட்டி காலியாகக் கிடந்தது.

நாலாம் நாள் காலை நானும் மகளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பெட்டி மேல் ஈரத்துணி விரித்திருந்தது. பூ இருந்தது. பின்னால் ஒரு மொட்டைத் தலை குனிந்து பூக் கட்டிக்கொண்டிருந்தது. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தலை நிமிர்ந்ததும் நான் முதலில் பார்த்தது புருவத்தை. இரண்டும் இருந்தன. நல்ல அடர்த்தியாக, நரை கலந்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதற்குப் பிறகுதான் தலையில் பூசியிருந்த சந்தனம் கண்ணில் பட்டது. மகளின் கையை விட்டேன்.

என் மகள் ரெட்டைச் சடை ஆட முன்னால் போய் நின்றாள். "எந்தக் கோயிலு அத்தை?" என்றாள்.

"சமயபுரம்டி ஆத்தா. நெசமாவே சமயபுரம்."

"எதுக்குக்கா?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னைக்கு ரத்தம் வேணாம்னு தள்ளிட்டாகள்ல. எங்கிட்ட வேற என்ன டீச்சரு இருக்கு? புள்ளைக்கு மருந்த நிப்பாட்டுற அன்னைக்கு என் முடியத் தாரேன்னு அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே வேண்டிக்கிட்டேன்." இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். குங்குமம். "இந்தாங்க பிரசாதம். திருச்சி பஸ் ஸ்டாண்டுக் கடையில வாங்குனது இல்ல."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையைக் கண்ணிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. என் பஸ் அதற்குள் கிளம்பிப் போய்விட்டது.